ரிங் இல்லை, வால்வு

மாசி 6, திங்கள்

காலையில் பனி, மலை உச்சி தெரியவில்லை. பத்து மணிக்குள் வெயில் சுள்ளென்று.

மிளகாய் காயப்போட்டது. பருத்தி எடுக்க ஆள் சொல்லியனுப்பியது. எருமை இன்றும் உதைத்தது, அரைச் சொம்பு பால் மண்ணில்.

இனி விஷயம். என் காரை அறுக்கப் போகிறார்கள்.

அறுப்பது என்றால் எஞ்சினை. கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டது. கவலை இழுத்துத் தண்ணீர் இறைக்கிற மாட்டில் ஒன்று பொங்கல் முடிந்ததும் செத்தது. மற்றது ஜோடி இல்லாமல் கட்டுத்தரையில் நிற்கிறது. மச்சாண்டார் காலையில் கை கழுவிக்கொண்டே தம்பியிடம், அதாவது என் வீட்டுக்காரரிடம், சொன்னார்: "கடலைக் கொட்டாய்ல அந்தக் காரு சும்மாதான நிக்குது. எஞ்சினைக் கழட்டிக் கெணத்து மேட்டுல பூட்டிப்போட்டா பம்பு ஓடுமாமா. நாமக்கல்லு பிட்டரு பொன்னுசாமி நாயித்துக்கெழமை சங்கிலியோட வாரானாமா."

இவர் "செரீங்கண்ணா" என்றார். அண்ணன் பேச்சுக்கு இவர் என்றைக்குத்தான் சரி சொல்லவில்லை?

புதிதாக ஓர் ஆயில் எஞ்சின் வாங்கினால் என்ன? வசதி இல்லாமல் இல்லை. பயம். பக்கத்துத் தோட்டத்துக்காரர் சேலம் போய் ஆசையாக வாங்கி வந்த எஞ்சின் ஒரு போகம்கூட இறைக்கவில்லை. இப்போது அதில் கோழி அடைகிறது. அதைப் பார்த்ததிலிருந்து மச்சாண்டாருக்கு எஞ்சின் விற்கிறவன் என்றாலே ஆகாது. "நமக்கு ஒண்ணுந் தெரியாது, அவஞ் சொல்றதுதான் பேச்சு. பாத்துச் சொல்ல நம்ம பக்கம் ஒரு ஆளு இருக்குதா?" என்பார். அதில் நியாயம் இருக்கிறது. அதுதான் எனக்கு எரிச்சல்.

கார் அப்பாவுடையது. ராசிபுரத்தில் அரிசி மில் வைத்திருந்தார். மில் எஞ்சின் சத்தம் நின்றால் எனக்குத் தூக்கம் கலையும், அப்படி வளர்ந்தவள் நான். ஏரி வற்றின ஒரு வருஷம் ஏரிக்குள்ளேயே வட்டம் வட்டமாக ஓட்டப் பழகினேன். கல்யாணத்தில் என்னோடு வந்தது. உலகச் சண்டையில் பெட்ரோல் நின்றபோது இவர் அதைக் கல் மேல் ஏற்றிக் கடலைக் கொட்டகையில் நிறுத்தினார். சண்டையும் முடிந்தது, கூப்பனுக்குக் கொஞ்சம் பெட்ரோலும் வருகிறது. கார் மட்டும் கல்லை விட்டு இறங்கவில்லை.

மச்சாண்டாரோடு நான் நேராகப் பேசுவதில்லை. வழக்கம். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவரிடம் நான் ஒரு வார்த்தை பேசியதில்லை, அவரும் என்னிடம் பேசியதில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் இவரிடம், இல்லாவிட்டால் அவர் சம்சாரத்திடம். அவரை நான் அக்கா என்பேன். இருவருமே இல்லாவிட்டால் எருமையிடம். மச்சாண்டார் காதில் விழும்படி எருமையிடம் பேசி எத்தனையோ காரியம் சாதித்திருக்கிறேன்.

இன்று எருமை போதாது. கதவுக்குப் பின்னால் நின்று அக்காவிடம் சொன்னேன், கொஞ்சம் பலமாக: "ஏனுங்கக்கா, நாயித்துக்கெழமைக்குள்ள அந்தக் காரு ஓடிருச்சுன்னா?"

அக்காவுக்கு எப்போதும் விளையாட்டு. அப்படியே அவரிடம் திருப்பினார். "ஓடிருச்சுன்னா என்னங்க பண்ணுவீங்க?"

மச்சாண்டார் துண்டை உதறித் தோளில் போட்டார். தூணைப் பார்த்துச் சொன்னார். "ஓடற வண்டிய எவன் அறுப்பான்? ஓட்டிக் காட்டச் சொல்லு."

சரி. ஞாயிற்றுக்கிழமை. தூணுக்குக் காட்டுகிறேன்.


மாசி 7, செவ்வாய்

பனி குறைவு. தலைக்குக் குளிக்க வேண்டிய நாள், குளிக்கவில்லை. கரியாகப் போகிற உடம்புக்கு எதற்கு.

இவரைக் கொட்டகைக்கு இழுத்துக்கொண்டு போனேன். கடலை மூட்டைகளை நகர்த்தவே பொழுது ஏறிவிட்டது. பின் சீட்டில் எலிக்கூடு. முன் கண்ணாடியில் சிலந்தி. ஆரன் ரப்பர் மட்டும் கெடவில்லை. அமுக்கினேன், அதே பழைய குரல். கொட்டகையில் இருந்த கோழி எல்லாம் வெளியே.

பார்த்தது:
டயர் பரவாயில்லை. காற்று மட்டும்.
ரேடியேட்டரில் ஒழுக்கு இல்லை.
பேட்டரி செத்தது. திருச்செங்கோட்டு பஸ் ஷெட்டுக்குச் சார்ஜுக்குப் போயிருக்கிறது, சனிக்கிழமை வரும்.
எஞ்சின் ஆயில் தார் மாதிரி. மாற்றணும்.
பெட்ரோல் டாங்கியில் புளித்த வாடை. கழுவணும்.

முன்னால் ஹேண்டிலைப் போட்டு இவர் சுற்றினார். இறுகிப் போயிருக்குமோ என்று பயந்தேன். இறுகவில்லை. சுற்றியது. ஆனால் அளவுக்கு மீறிச் சுலபமாக. நல்ல எஞ்சின் ஹேண்டில் பிடிக்கிறவனோடு மல்லுக்கட்ட வேண்டும்.

"நல்லாத்தான சுத்துது?" என்றார் இவர் சந்தோஷமாக. அதுதான் நோய் என்று எப்படிச் சொல்வது?

பிளக் நான்கையும் கழட்டினேன். ஒவ்வொரு ஓட்டையிலும் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டேன், இவர் சுற்றினார். முதல் சிலிண்டர் விரலை நன்றாகத் தள்ளியது. இரண்டாவதில் மூச்சே இல்லை. மூன்றாவது தள்ளியது. நான்காவதில் மறுபடி இல்லை.

சோற்றுக்குக் கை கழுவும்போது அக்கா பார்த்துவிட்டு, "ஏஞ்சாமி, கரிச்சட்டிய முழுங்கிப்போட்டயா?"

இரண்டும் நான்கும். ஏன் இரண்டும் நான்கும் மட்டும்? மாவாட்டும்போதும் அதே நினைப்பு. தண்ணீர் விட மறந்து மாவு கெட்டியாகிவிட்டது. நாளைக்குத் தோசை கல்லாட்டம்தான்.


மாசி 8, புதன்

தோசை கல்லாட்டமே. திட்டாமல், மோரில் ஊற வைத்துத் தின்றார்கள். அது இன்னும் மோசம்.

பிட்டர் பொன்னுசாமி இன்றே வந்தார், கிணற்று மேட்டில் எஞ்சின் வைக்கத் திட்டு கட்ட அளவு எடுக்க. நல்ல மனிதர், மரியாதை தெரிந்தவர். இவர் காரைக் காட்டினார். பொன்னுசாமி ஹேண்டிலைக் கொஞ்சம் சுற்றிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"ரிங்கு போயிருச்சுங்க. கம்ப்ரஷனே இல்லீங்க. புது ரிங்கு சேலத்துலயுங் கெடைக்காது, மெட்ராஸ்லயுங் கெடைக்காது. சண்டையில கப்பலே வர்லீங்களே. பம்புக்குன்னா இப்பிடியே பொகையோட ஓட்டிக்கலாமுங்க. காரு இழுக்காதுங்க."

மச்சாண்டார் தலையை ஆட்டினார். கேட்டுக்கொள் என்பது போலத் தூணைப் பார்த்தார். தூண் என்றால் நான்.

எனக்குப் பொறுக்கவில்லை. ரிங் தேய்ந்தால் நாலும் ஒட்டுக்கத் தேயாதா? இரண்டு மட்டும் எப்படித் தேயும்? நிறுத்தினபோது நல்ல ஓட்டத்தில் இருந்த கார். நிற்கிற கார் எங்கே போய்த் தேய்ந்தது?

பொன்னுசாமி கிளம்பினதும் சோதனை. அப்பா மில்லில் செய்வதைப் பார்த்திருக்கிறேன். மூச்சில்லாத சிலிண்டருக்குள் கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டுச் சுற்ற வேண்டும். பிஸ்டனைச் சுற்றியிருக்கிற ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் அந்த இடுக்கை அடைத்துக்கொள்ளும், காற்று விரலைத் தள்ளும். விட்டேன். சுற்றினார். தள்ளவில்லை. நான்காவதிலும் விட்டுப் பார்த்தேன். அதிலும் இல்லை.

ஆக, காற்று வேறு எங்கேயோ ஓடுகிறது. ஓட இரண்டே வழி: காற்று உள்ளே வருகிற வால்வு, புகை வெளியே போகிற வால்வு.

பிளக்கைத் திரும்ப மாட்டினேன். களத்திலிருந்து ஒரு கொத்துப் பஞ்சு, நூலில் கட்டிப் பின்னால் புகைக்குழாய் வாயில் தொங்கவிட்டேன். "சுத்துங்க" என்றேன். புகைக்குழாய் வெளியே ஊத மட்டுமே வேண்டியது. பஞ்சு வெளியே பறந்தது, அப்புறம் உள்ளே இழுபட்டது, மறுபடி வெளியே. ஓடிப்போய் கார்புரேட்டர் வாயில் இன்னொரு பஞ்சு. அது உள்ளே இழுக்க மட்டுமே வேண்டியது. துப்பியது.

ரிங் இல்லை. வால்வு. ஒரு சிலிண்டரில் புகை வால்வு மூடவில்லை, இன்னொன்றில் காற்று வால்வு மூடவில்லை. இதை நான் சொல்கிறேன்.

யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன் போல. இவரிடம் சொன்னதற்கு "அப்பிடியா" என்றார், முகத்தில் தெளிவில்லை. கட்டுத்தரைக்குப் போய் எருமையிடம் சொன்னேன். அந்தப் பக்கம் மச்சாண்டார் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். கயிறு நின்றது.

"பிட்டரு ரிங்குங்கறான், எருமை வால்வுங்குது" என்றார், ஆகாசத்தைப் பார்த்து.

கேலிதான். ஆனாலும் காதில் வாங்கியிருக்கிறார்.

பீற்றிக்கொள்ள எனக்கு இந்த நோட்டு ஒன்றுதான் இடம். வெளியே சொன்னால் திமிர் என்பார்கள். திமிர்தான். பொட்டைச்சிக்கு எஞ்சினைப் பற்றி என்ன தெரியும் என்று இனி யாராவது கேட்கட்டும், ஒரு கொத்துப் பஞ்சை எடுத்துக் கையில் கொடுக்கிறேன்.


மாசி 9, வியாழன்

பனியே இல்லை. வெயில் காலையிலேயே முதுகைச் சுட்டது. பருத்திக்கு வந்த ஆட்களுக்குக் கம்மங்கூழ். உப்பு போடவில்லை என்று ஒருத்தி சொன்னாள். இருக்கும்.

எஞ்சின் பக்கவாட்டில் ஒரு தகர மூடி. அதைக் கழட்டினால் வால்வுத் தண்டுகளும் ஸ்பிரிங்குகளும் வரிசையாக நிற்கும். கொட்டகை இருட்டு. ஒரு கையில் அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தேன், இவர் மெல்லச் சுற்றினார். தண்டுகள் ஒவ்வொன்றாக ஏறின, இறங்கின. இரண்டு மட்டும் ஏறின இடத்திலேயே நின்றன. ஸ்பிரிங் இழுத்துப் பார்க்கிறது, தண்டு வர மாட்டேன் என்கிறது.

"பாத்தீங்களா! பாத்தீங்களா!" என்று கத்தினேன். விளக்கு ஆடிக் கண்ணாடி விரிசல் விட்டது. போகட்டும்.

இவர் பார்த்தார். சிரிக்கவில்லை.

அந்தத் தண்டுகளில் தேன் நிறத்தில் பிசின். கத்தி முனையால் சுரண்டினால் ரப்பர் மாதிரி இழுபட்டது. எஞ்சின் ஆயில் இப்படி ஆகாது, கறுக்கும், காயும், பிசினாகாது. மோர் கொண்டுவந்த அக்கா குனிந்து மோந்து பார்த்தார்.

"இதென்ன சாமி, வண்டி அச்சு வாசம் அடிக்குது? வெளக்கெண்ணெயாட்ட இருக்குதே."

விளக்கெண்ணெய்! எஞ்சினுக்குள் யார் விளக்கெண்ணெய் ஊற்றுவார்கள் என்று கேட்டுக்கொண்டே திரும்பினால் இவரைக் காணோம். ஹேண்டில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தார். போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"நாந்தான் ஊத்துனேன்" என்றார், தண்ணீரைப் பார்த்துக்கொண்டு.

"எப்ப?"

"ஆயுத பூசைக்கு. வருசா வருசம். வண்டி அச்சுக்கு ஊத்தறமல்ல, அதாட்ட இதுக்கும் ஒரு கரண்டி. துருப்பிடிக்காமப் பாத்துக்கங்கன்னு நீயிதான சொன்ன."

சொன்னேன். காரைக் கல் மேல் ஏற்றின அன்று மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னேன். நான் அதோடு மறந்துவிட்டேன். இவர் மறக்கவில்லை. ஏருக்கும் வண்டிக்கும் பொட்டு வைத்துக் கும்பிட்டு முடித்த பிறகு, ஒருத்தருக்கும் தெரியாமல் கொட்டகைக்குப் போய், பிளக்கை ஒவ்வொன்றாகக் கழட்டி, ஓட்டைக்கு ஒரு கரண்டி. அதிலும் செக்கிலிருந்து நேராக வந்த சுத்த விளக்கெண்ணெய். காருக்கும் பொட்டு வைத்தாராம், நான் பார்த்துவிடக் கூடாதென்று அப்புறம் துடைத்தாராம்.

இந்தக் காரில் பிளக் ஓட்டைக்கு அடியில்தான் வால்வு. மூடியிருந்த வால்வுகளின் தண்டுக்கு எண்ணெய் இறங்க வழியில்லை, தப்பித்தன. நிறுத்தின அன்று எஞ்சின் நின்ற நிலையில் இரண்டு வால்வு திறந்திருந்தன. அந்த இரண்டின் தண்டு வழியே எண்ணெய் இறங்கி, கொட்டகைச் சூட்டில் வருஷக்கணக்கில் பிசினாகிப் பிடித்துக்கொண்டது. ஏன் இரண்டும் நான்கும் என்று இப்போது தெரிந்தது.

கத்துவதற்காகத்தான் போனேன். கொஞ்சம் கத்தவும் செய்தேன். "எஞ்சினு என்ன கட்டை வண்டியா?" என்றேன். இவர் தலையைக் குனிந்துகொண்டே கேட்டார். அதற்கு மேல் கத்த வரவில்லை. எனக்கு இவரை எவ்வளவு பிடிக்கும் என்று இத்தனை வருஷத்தில் இன்றைக்குத்தான் தெரிந்தது. எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

"அண்ணங்கிட்டச் சொல்லாத" என்றார்.

சொல்ல மாட்டேன்.


மாசி 10, வெள்ளி

வீடு மெழுகியது. நெய் உருக்கியது, கருகாமல் வந்தது, அதிசயம்.

நேற்றுச் சாயங்காலமே தண்டுகளில் மண்ணெண்ணெய் விட்டு ஊற வைத்தேன். ரேஷன் மண்ணெண்ணெய், அக்கா முணுமுணுப்பு. காலையில் பார்த்தால் பிசின் அப்படியே மினுமினுவென்று. மரக்கட்டையால் தட்டினேன், அசையவில்லை. பலமாகத் தட்டினால் தண்டு வளைந்துவிடும். வளைந்தால் கதை முடிந்தது, பொன்னுசாமி சங்கிலியை மாட்ட வேண்டியதுதான்.

உட்கார்ந்து யோசித்தேன். பிறகு அடுப்பங்கரையில் இரண்டு டம்ளர். ஒன்றில் மண்ணெண்ணெயும் விளக்கெண்ணெயும். கலக்கினால் மங்குகிறது, விட்டால் மேலும் கீழுமாகப் பிரிந்து நிற்கிறது. ஒட்டவே இல்லை. இன்னொன்றில் ஸ்டவ் பற்ற வைக்கிற ஸ்பிரிட், சீசாவின் அடியில் கிடந்தது. அதில் விளக்கெண்ணெயை விட்டதும் கலந்து தெளிந்துவிட்டது. கத்தி முனைப் பிசினையும் அதில் போட்டு வெந்நீரில் வைத்தேன். மத்தியானத்துக்குள் குழைந்துவிட்டது.

தனியாகக் குதித்தேன். பூனை மட்டும் பார்த்தது.

ஆனால் அதோடு ஸ்பிரிட் தீர்ந்தது. திருச்செங்கோட்டுக் கடைக்கு அது வருவதில்லை. ஆஸ்பத்திரி கம்பவுண்டரிடம் கேட்டனுப்பினால் ஊசிக்கே இல்லை என்றுவிட்டார். வேறு எதில் இருக்கிறது ஸ்பிரிட்?

சாராயத்தில்.

இவரைப் பார்த்தேன். புரிந்துகொண்டார். முகம் வெளுத்துவிட்டது. "நானா? சாராயக் கடைக்கா? வெள்ளிக்கெழமையா?"

"எண்ணெய் ஊத்துனது யாருங்க?"

போனார். பாவம், நெற்றி நிறையத் திருநீறோடு பட்டப்பகலில் போனார். கடை வாசலைக்கூட மிதிக்காத மனுஷர். தண்ணீர் கலக்காததாக வேண்டும், தீக்குச்சி வைத்தால் நீலமாகப் பற்ற வேண்டும் என்று சொல்லியிருந்தேன். அதைக் கடையிலேயே ஒரு சிரட்டையில் ஊற்றிப் பற்ற வைத்துப் பார்த்தாராம். முதல் இரண்டு சீசா பற்றவில்லை என்று திருப்பிக் கொடுத்தாராம். குடித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்து சுற்றி நின்றார்களாம். "கவுண்டரு நெம்ப வெவரமான ஆளப்பா" என்று ஒருவன் மெச்சினானாம்.

இவர் சீசாவோடு வீடு சேருவதற்குள் செய்தி சேர்ந்துவிட்டது. அக்கா களத்திலிருந்து ஓடிவந்தார். "ஏஞ்சாமி, உன்ர ஊட்டுக்காரரு குடிக்கப் பழகிட்டாராமா?"

"அவரில்லீங்கக்கா. காரு."

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தார். நானும்.

மச்சாண்டார் சிரிக்கவில்லை. பொழுது சாய வந்து வாசலில் நின்றே சொன்னார், தூணிடம்கூட இல்லை, பொதுவாக: "இந்தக் காரு நம்மூட்டு மானத்த வாங்கிப்போட்டுது. நாயித்துக்கெழமை ஓடட்டும். ஓடுலீன்னா எஞ்சினு கெணத்துக்கு, மிச்சம் இரும்புக்காரனுக்கு. சக்கரத்தக்கூட வெக்க மாட்டேன்."

சாப்பிடாமல் போய்விட்டார். அவர் பேச்சு மாறாதவர். அதுவும் எனக்குத் தெரியும்.


மாசி 11, சனி

நாளெல்லாம் கொட்டகை.

சாராயத்தை வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்துச் சூடாக்கி, கோழி இறகால் தொட்டுத் தொட்டுத் தண்டு முழுக்க விட்டேன். நெருப்பு பக்கத்தில் வரக்கூடாது. வாடை தலைக்கு ஏறியது. இவர் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டார். நான் கட்டவில்லை, வாடையில்தானே தெரியும் எப்போது எண்ணெய் கரைகிறதென்று.

விடுவது, காத்திருப்பது, கட்டையால் மெல்லத் தட்டுவது, தண்டைத் திருகிப் பார்ப்பது. மறுபடி விடுவது. மத்தியானம் அக்கா சோறு கொண்டுவந்து எனக்கு ஊட்டிவிட்டார், கை அந்தக் கோலத்தில். இரண்டாவது உருண்டை வாயில் இருக்கும்போது உள்ளே "டக்" என்று ஒரு சத்தம். ஸ்பிரிங் தண்டைக் கீழே இழுத்துவிட்டது.

அக்கா பயந்து எழுந்துவிட்டார். "ஒடஞ்சு போச்சா?"

வாய் நிறையச் சோறு, பதில் சொல்ல முடியவில்லை. அழுதேன் என்று அக்கா சொல்கிறார். புரைக்கேறியது, அவ்வளவுதான்.

இரண்டாவது பொழுது சாயும்போது விட்டது. பிறகு இரண்டு தண்டையும் துடைத்து, மறுபடி விட்டு, மறுபடி துடைத்து, இவர் சுற்றச் சுற்ற ஏறி இறங்குவதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல இருந்தது. தண்டுக்குக் கீழே இருக்க வேண்டிய இடைவெளியைத் தபால் கார்டை நுழைத்து அளந்தேன். அப்பா வழி.

விரல் சோதனை: நாலும் தள்ளியது. நாலும்! இரண்டாவதுதான் பலம்.

பேட்டரி வந்தது. ஆயில் மாற்றியது. டாங்கி கழுவி, கூப்பன் பெட்ரோல் விட்டது. பிளக் சுத்தம், ஒயர் எல்லாம் நானே மாட்டினேன், இவரைத் தொட விடவில்லை.

இன்னொன்று. கொட்டகை வாசலை அடைத்துக் கிடந்த கடலை மூட்டைகளை நாளை காலையில் எடுக்கலாம் என்றிருந்தோம். சோற்றுக்குப் போய்விட்டு வந்தால் மூட்டை எல்லாம் ஓரமாக அடுக்கியிருக்கிறது. இவர் என்னோடுதான் இருந்தார். அக்காவால் தூக்க முடியாது. அந்தக் கட்டுக்கோப்பான அடுக்கு யாருடையது என்று எனக்குத் தெரியும். கேட்கவில்லை.


மாசி 12, ஞாயிறு

தெளிந்த வானம். காற்று இல்லை.

பொன்னுசாமி எஞ்சின் தூக்குகிற முக்காலியும் சங்கிலியுமாக மாட்டுவண்டியில் வந்தார். பின்னாலேயே ஊர். சாராயம் குடித்த காரைப் பார்க்க மேட்டுக்காட்டிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். மச்சாண்டார் கை கட்டி நின்றார்.

நான் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஓட்டுகிற சீட்டில் ஏறினேன். ஏறும்போது ஒரு சலசலப்பு. இவர் ஹேண்டிலைச் சுற்றினார்.

ஒன்றுமில்லை. மறுபடி. "டுப்" என்று ஒரு வெடி, கார்புரேட்டரில் தும்மல், கூட்டம் பின்னால் நகர்ந்தது. மறுபடி. அதே வெடி. இவர் முகம் வேர்த்து ஒழுகியது. மச்சாண்டார் சங்கிலியைப் பார்த்தார்.

இதை எழுத வேண்டாமென்று பார்த்தேன். எழுதாவிட்டால் பொன்னுசாமிக்குச் செய்யும் துரோகம், எழுதுகிறேன். அவர்தான் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்துவிட்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "அம்மா, ரெண்டாவது பிளக் ஒயரும் மூணாவதும் மாறியிருக்குதுங்க." இவரைத் தொட விடாமல் நானே மாட்டின ஒயர். அவரே மாற்றி மாட்டினார். நினைத்திருந்தால் பேசாமல் சங்கிலியை எடுத்திருக்கலாம்.

அடுத்த சுற்றில் பிடித்துக்கொண்டது.

அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது? முதலில் திக்கியது, அப்புறம் நாலும் சேர்ந்து பேச ஆரம்பித்தது. வெள்ளைப் புகை களம் பூராவும், விளக்கெண்ணெய் வாடையும் சாராய வாடையும் கலந்து. "பொகையக் குடிச்சாலே போதும்டா" என்று ஒருவன் கத்தினான். புகை மெல்லத் தெளிந்தது. சத்தம் சீரானது. ராசிபுரம் மில்லே வந்துவிட்டது போல.

பொன்னுசாமி பானெட்டில் காது வைத்துக் கேட்டார். "வால்வுதானுங்க. நாந்தான் ரிங்குன்னுட்டன். ஆனா பிசினு எப்பிடிங்க வந்துச்சு?"

நான் வாயைத் திறக்கவில்லை. இவர் ஹேண்டிலைக் கீழே வைத்தார். ஊரே நிற்கிறது, அண்ணன் நிற்கிறார். "ஆயுத பூசைக்கு நாந்தாங்க வெளக்கெண்ணெ ஊத்திப்போட்டேன், வண்டிக்கு ஊத்தறாப்பல. கண்டுபுடிச்சது எம்பொண்டாட்டி. வால்வுன்னு மொதல்லயே சொன்னது அவ. சாராயத்துல கரையும்னு சொன்னதும் அவதான்." இவர் இவ்வளவு சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டதில்லை. கூட்டம் சிரித்தது. இவரும் சிரித்தார்.

களத்தை ஒரு வட்டம் ஓட்டினேன். ஏரிக்குள் ஓட்டின மாதிரியே. கியர் ஒரு தடவை கத்தியது, மற்றபடி கை எதையும் மறக்கவில்லை. ஓரத்தில் கட்டியிருந்த எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது.

நிறுத்தினேன். மச்சாண்டார் நடந்து வந்தார். இவரிடம் போவார் என்று நினைத்தேன். அக்கா ஒரு பக்கம் நின்றார், அக்காவிடமும் போகவில்லை. நேராகக் காரின் கதவுக்கு வந்து நின்று, தூணும் இல்லை ஆகாசமும் இல்லை, என் முகத்தைப் பார்த்தார்.

"அம்மிணி."

நான் எழுந்திருக்கப் பார்த்து ஸ்டியரிங்கில் இடித்துக்கொண்டேன்.

"கெணத்துக்கு ஒரு ஆயில் எஞ்சின் வாங்கோணும். நாளைக்குச் சேலம் போலாம். நீயி வந்து ஒவ்வொண்ணாப் பாரு. நல்லதுன்னு நீயி சொன்னாத்தான் வாங்கறது, வேண்டாம்னா வேண்டாம்."

இத்தனை வருஷமாக எருமையிடமும் கதவிடமும் சொல்லிச் சேர்த்து வைத்த பேச்சு எத்தனை இருக்கிறது. ஒன்றுகூட வரவில்லை.

"செரீங்க" என்றேன். அது மட்டும்தான் வந்தது.

பொன்னுசாமிக்கு அக்கா கோழி அடித்துக் குழம்பு வைத்தார். சங்கிலி வந்த வண்டியிலேயே திரும்பிப் போயிற்று.


மாசி 13, திங்கள்

பனி. மலை தெரியவில்லை.

பெட்ரோல் போதும். தண்ணீர் விட்டாயிற்று. டயர் பார்த்தாயிற்று. எடுத்துக்கொள்ள: தீப்பெட்டி, தபால் கார்டு ஒன்று, ஒரு கொத்துப் பஞ்சு (விற்கிற எஞ்சினுக்கும் பிடித்துப் பார்க்கலாம்). புளிச்சோறு அக்கா கட்டிவிட்டார். எருமையை இன்று அக்கா கறப்பார், பாவம் அக்கா.

என்ன சேலை உடுத்துவது என்று

ஆரன் சத்தம். விடாமல் அடிக்கிறது. இவராக இருக்காது, இவர் இதோ இங்கே நின்று சட்டைப் பித்தானைத் தேடிக்கொண்டிருக்கிறார். அக்கா அடுப்பங்கரையில்.

"அம்மிணி! வா சாமி, நேரமாச்சு!"